வாசல் வரை வந்த ஓவியர்

(கோவையில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓவியக் கண்காட்சியை எப்படிப் பார்ப்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். பொதுவாகப் பேச ஆரம்பித்தால் கலை, ரசனை, அழகு என்று நாலைந்து சொற்களைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதனால் ஒரே ஓர் ஓவியரை, அவருடைய ஊரிலேயே இருக்கிற ஒரு கலைக்கூடத்தில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஊர் இங்கிலாந்தில் இருக்கிற சால்ஃபோர்டு. ஓவியர் எல்.எஸ். லௌரி.

கோவையைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தொடங்கித் தேர்தல் மேடை வரை இந்தப் பட்டம் ஓடுகிறது. அசல் மான்செஸ்டரில் பஞ்சாலைத் தொழில் முடிந்து வெகுகாலமாகிவிட்டதைப் பட்டம் கொடுத்தவர்களும் கவனிக்கவில்லை, சுமக்கிற நாமும் கவனிக்கவில்லை. பழைய ஆலைக் கட்டடங்கள் பல இன்று குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டன. ஷிப்ட் முடிந்து ஜனங்கள் கூட்டமாக வெளியே வருவதை இனிமேல் பார்க்க வேண்டுமென்றால் ஓவியத்தில்தான் பார்க்க வேண்டும். அந்த ஓவியங்களைச் சேர்த்து வைத்திருப்பது மான்செஸ்டர்கூட அல்ல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சால்ஃபோர்டு.

இரண்டும் ஒட்டிப் பிறந்த ஊர்கள். நடுவில் ஓடுவது இர்வெல் ஆறு. நொய்யலை நினைத்துக்கொள்ளுங்கள்; நம் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் நொய்யலிடம் காட்டிய அதே கரிசனத்தைத்தான் அங்குள்ள ஆலைகளும் இர்வெலிடம் காட்டின. சால்ஃபோர்டு தனி நகராட்சி, தனி கௌரவம். மான்செஸ்டர்காரர் என்று சொல்லிவிட்டால் முகம் சுளிப்பார்கள். எங்கெல்ஸ் குடும்பத்துக்குப் பங்கு இருந்த நூற்பாலை இந்த ஊரில்தான் இருந்தது. அந்த ஆலைக்கு வேலைக்கு வந்த இளைஞர் எங்கெல்ஸ், சுற்றியிருந்த குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு 1845ல் தொழிலாளர் நிலைமை பற்றிய தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அவர் பார்த்த காலத்துக்கும் லௌரி வரைந்த காலத்துக்கும் நடுவே எழுபது எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. தெருக்கள் பெரிதாக மாறிவிடவில்லை.

நமக்கும் இந்தக் கதைக்கும் உறவு உண்டு. 1888ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கினார். மான்செஸ்டரை அடுத்த ஓல்டாமில் இருந்த பிளாட் பிரதர்ஸ் கம்பெனியின் இயந்திரங்கள் இந்திய ஆலைகள் பலவற்றில் ஓடின. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் ஆலைகள் மளமளவென்று முளைத்தன. அதே ஆண்டுகளில் லங்காஷயரில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஜப்பான் போட்டி ஒரு காரணம், இந்திய ஆலைகள் ஒரு காரணம், நம் அந்நியத் துணிப் புறக்கணிப்பும் ஒரு காரணம். 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயரின் டார்வென் பகுதிக்குப் போய் ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். அவரைச் சுற்றி நின்று பெண்கள் கையுயர்த்தி ஆரவாரிக்கிற புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லௌரியின் ‘ஆலையிலிருந்து வருதல்’ ஓவியம் 1930ஐச் சேர்ந்தது, அதாவது அந்தப் புகைப்படத்துக்கு ஓராண்டு முந்தையது. புகைப்படத்துப் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஓவியத்தில் யாருமே சிரிக்கவில்லை. இரண்டும் உண்மை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

கலைக்கூடத்தின் பெயரே ‘தி லௌரி’. ஒரு காலத்தில் கப்பல் துறையாக இருந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள். கடலோரம் இல்லாத மான்செஸ்டர், கால்வாய் வெட்டிக் கடலைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்ட ஊர். 1894ல் திறந்த அந்தக் கப்பல் கால்வாய் வழியாகப் பஞ்சு மூட்டைகள் நேரே சால்ஃபோர்டு துறைக்கு வந்து இறங்கின. 1982ல் துறை மூடப்பட்டது. பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட துறைமுகம் வெறும் தண்ணீராகக் கிடந்தது. சால்ஃபோர்டு நகராட்சி அந்த இடத்தை எடுத்துச் சீரமைத்தது. 2000ஆம் ஆண்டு, மைக்கேல் வில்ஃபோர்டு வடிவமைத்த இந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. வெளியே எஃகும் கண்ணாடியும். உள்ளே ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கிற நிறங்கள். வாழ்நாள் முழுவதும் ஐந்தே நிறங்களில் காலம் தள்ளிய மனிதரின் பெயரை இப்படி ஒரு கட்டடத்துக்கு வைத்ததில் யாருக்கோ நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. நாடகம் பார்க்க வருபவர்கள் ஒரு பக்கம், காபி குடிக்க வருபவர்கள் ஒரு பக்கம். ஓவியப் பகுதிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஐந்து நிறங்கள் என்றேன். வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு, பிரஷ்யன் நீலம், காவி மஞ்சள், ஃபிளேக் வெள்ளை. ஆரம்பத்தில் அவருடைய படங்கள் இருட்டாக இருந்தன. மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையின் விமர்சகர் பெர்னார்ட் டெய்லர், ஆட்கள் பின்னணியோடு கரைந்து போகிறார்கள், பின்னணியை வெளுப்பாக்கு என்றாராம். லௌரிக்குக் கோபம். அடுத்த முறை பின்னணியை முழு வெள்ளையாக அடித்துக்கொண்டு போய்க் காட்டினார், டெய்லரை மடக்கிவிடலாம் என்று. டெய்லரோ இதைத்தான் சொன்னேன் என்றார். அன்றிலிருந்து வெள்ளை அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு பலகையில் ஃபிளேக் வெள்ளையைப் பூசி, காற்றுப்புகாமல் மூடி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, பிறகு புதிதாகப் பூசிய வெள்ளையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பழைய வெள்ளை லேசாகப் பழுத்துப் பாலாடை நிறமாகியிருந்தது. தன் படங்கள் தான் போன பிறகுதான் சரியான நிறத்துக்கு வரும் என்று அப்போது முடிவுகட்டிவிட்டார். கூடத்தில் போய்ப் பார்க்கும்போது அந்த வெள்ளையைக் கவனியுங்கள். சுண்ணாம்பு போல அது தடிமனாக நிற்கிறது. தூரிகையின் பின்முனையால் கீறிய கோடுகள்கூடத் தெரியும். அச்சில் பார்த்தால் இது எதுவுமே தெரியாது. அச்சில் அது வெறும் வெளிறிய வானம்.

ஆளைப் பற்றிச் சொல்கிறேன். 1887ல் பிறந்தவர். அப்பா ஒரு சொத்து நிறுவனத்தில் குமாஸ்தா. அம்மா நன்றாகப் பியானோ வாசிப்பவர், கச்சேரி மேடைக் கனவு கண்டவர். மரங்கள் அடர்ந்த, கொஞ்சம் கௌரவமான குடியிருப்பில் இருந்தார்கள். பணம் இறங்கியது. 1909ல் ஆலைகளும் சுரங்கமும் சூழ்ந்த பென்டில்பரிக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு அந்த இடம் கடைசி வரை ஒட்டவில்லை. மகனுக்கும் முதலில் பிடிக்கவில்லை, பிறகு பழகியது, அதற்குப் பிறகு அதை விட்டு வெளியே வர முடியவில்லை. ஒரு நாள் ரயிலைத் தவறவிட்டு நிலையப் படிக்கட்டின் மேலே நின்றபோது ஆலை விட்டு ஜனங்கள் கொட்டியதைப் பார்த்தேன், அதை யாரும் வரைந்ததில்லையே என்று தோன்றியது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அந்தக் கதை மெருகேறியிருக்கும் என்பது என் சந்தேகம்.

அவர் ஓவியம் கற்றதெல்லாம் மாலை வகுப்புகளில். மான்செஸ்டரில் அடால்ஃப் வாலெட் என்ற பிரெஞ்சுக்காரர் அவருக்கு ஆசிரியர். பாரிஸில் நடப்பதெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் மூலம் தெரிந்தது. பிறகு சால்ஃபோர்டு ஓவியப் பள்ளியிலும் பல ஆண்டுகள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குப் பணிவிடை செய்து, அவர் தூங்கிய பிறகு நள்ளிரவு தாண்டி வரைவது. பகலில் என்ன செய்தார்? இதை அவர் தன் பெயர் பரவிய பிறகும் கூடியவரை மறைத்துவைத்திருந்தார். 1910லிருந்து 1952 வரை, பால் மால் பிராப்பர்ட்டி கம்பெனி என்ற நிறுவனத்தில் வாடகை வசூல்காரராகத் தொடங்கித் தலைமைக் காசாளராகி, 65ஆம் வயதில் ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓவியர் என்று கேலி செய்வார்களோ என்ற பயம் அவருக்கு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வாடகை வசூல்காரர் எப்படிப்பட்ட ஆள்? வாரா வாரம் அதே தெருவில், அதே வீட்டு வாசலில் வந்து நிற்பார். உள்ளே கூப்பிட மாட்டார்கள். கையில் பணம் இல்லாத வாரத்தில் கதவைத் திறக்கவே மாட்டார்கள். குழந்தையை விட்டு அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அடுப்படி எப்படி இருக்கும் என்பது தெரியாது. நம் ஊர் லைன் வீடுகளில் வாடகை வாங்க வருகிறவரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வேறு விளக்கமே வேண்டாம்.

லௌரியின் படங்களைக் கூடத்தில் வரிசையாகப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: இவை எல்லாம் வாசலுக்கு வெளியே நிற்கிறவரின் படங்கள். ஆலைகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எதிலும் ஆலைக்கு உள்ளே போகவில்லை. ஒரு கதிரோ ஒரு தறியோ அவருடைய படங்களில் எனக்குத் தட்டுப்படவில்லை. வீடுகள் வரிசை வரிசையாக வருகின்றன, வீட்டுக்குள் சாப்பிடுகிற குடும்பம் அநேகமாக இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் பொருட்களைத் தெருவில் இறக்குவதை வரைந்திருக்கிறார். தொற்றுநோய் வண்டி வந்து நிற்பதை, சவ ஊர்வலத்தை, தெருச் சண்டையை, யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டதைப் பார்க்கக் கூடிய கூட்டத்தை வரைந்திருக்கிறார். வாசல்படியிலிருந்து தெரிகிறதெல்லாம் இருக்கிறது. இதை அவருடைய குறை என்று சொல்லவில்லை. தான் எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில் அவர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தொழிலாளியின் நண்பன் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து வரைந்திருந்தால் இவ்வளவு உண்மை வந்திருக்காது. அரசியலிலும் அவர் இடதுசாரி அல்ல, கன்சர்வேட்டிவ் பக்கம்.

‘ஆலையிலிருந்து வருதல்’ ஓவியத்தின் முன்னால் நின்றால் முதலில் கூட்டம் ஒரே கறுப்புத் திரளாகத் தெரியும். கிட்டே போனால் ஒவ்வொருவரும் தனி. எல்லோரும் முன்பக்கம் சாய்ந்து நடக்கிறார்கள், எதிர்காற்றில் நடப்பது போல. காற்று வீசுகிற அறிகுறி வேறெங்கும் இல்லை. காலணிகள் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கின்றன. அந்தப் பாதங்கள்தான் அவர்களைத் தரையில் பிடித்து வைத்திருக்கின்றன, ஏனென்றால் யாருக்கும் நிழல் இல்லை. நன்றாகக் கவனியுங்கள். லௌரி ஆட்களுக்கு நிழல் போடுவதில்லை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நேரம் என்னவென்று வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சங்கு ஊதியதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, இந்த மாதிரிப் படங்களில் பலவும் நேரில் இருந்த ஓர் இடத்தைப் பார்த்து அப்படியே வரைந்தவை அல்ல. ஓர் ஊரின் சர்ச்சு, இன்னோர் ஊரின் புகைபோக்கி, ஸ்டாக்போர்ட்டின் ரயில் பாலம் என்று எடுத்து ஒட்டிக் கற்பனையாகக் கட்டிய நகரங்கள்.

உள்ளூர்க்காரர்கள் பார்க்கும்போது இது பெரிய பிரச்சினையாகிவிடுகிறது. அவர்கள் தங்கள் தெருவைத் தேடுகிறார்கள். 1960களில் சால்ஃபோர்டின் பழைய குடியிருப்புகளைப் பெருமளவில் இடித்துத் தள்ளினார்கள். பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று புல்தரையோ அடுக்குமாடியோ இருக்கிறது. அதனால் பாட்டிகளும் தாத்தாக்களும் படத்தின் முன்னால் குனிந்து, விரலைக் கண்ணாடியில் படாமல் நீட்டி, இதுதான் நம் தெரு, இல்லை அது அடுத்த தெரு என்று வாதாடுகிறார்கள். நான் போயிருந்தபோது என் பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் ஒருவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். அவருடைய தாயார் நெசவாலையில் வேலை பார்த்தவராம். தறிகளின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் அந்தப் பெண்கள் உதட்டை நன்றாக அசைத்து, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். வீட்டுக்கு வந்த பிறகும், அக்கம்பக்கத்தில் வம்பு பேசும்போதும் அதே பழக்கம். சொல்லிவிட்டு ஓவியத்தைக் காட்டினார். “இதில் ஒருத்திக்கும் உதடே இல்லையே” என்றார்.

லௌரியைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு கூர்மையான விமர்சனத்தைப் பார்த்ததில்லை. லண்டனில் டேட் கலைக்கூடத்தில் 2013ல் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தினார்கள். டி.ஜே. கிளார்க், ஆன் வாக்னர் என்ற இரண்டு பெரிய கலை வரலாற்றாசிரியர்கள் பொறுப்பேற்று, நவீன வாழ்வை வரைந்தவர் என்று பிரெஞ்சு ஓவியர்களோடு அவரைச் சேர்த்துப் பேசினார்கள். நல்ல காரியம், அதுவரை லண்டன் அவரைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் வைத்திருந்தது. ஆனால் உதட்டைப் பற்றி அங்கே யார் கேட்பார்கள்? ஓவியத்தில் இருப்பதை அதே ஊரின் நினைவோடு ஒத்துப் பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ சொல்கிற உரிமை உள்ளூர்ப் பார்வையாளருக்குத்தான் இருக்கிறது. உள்ளூர் ஓவியருக்குக் கிடைக்கிற கடினமான பரீட்சையும் அதுதான்.

சொந்த ஊர்க் கூடத்துக்கு இன்னொரு வசதி உண்டு. தேசியக் கலைக்கூடம் என்றால் ஓர் ஓவியரின் நல்ல படம் ஒன்றோ இரண்டோ மாட்டும். அதைப் பார்த்துவிட்டு அவரைத் தெரியும் என்று நாம் வந்துவிடுவோம். சால்ஃபோர்டு சேகரிப்பில் ஏறக்குறைய 400 படைப்புகள் இருக்கின்றன. நல்லதும் இருக்கும், சுமாரும் இருக்கும், ஏன் வரைந்தார் என்று கேட்க வைப்பதும் இருக்கும். லௌரி என்றதும் ‘தீக்குச்சி மனிதர்கள்’ என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அவர் இறந்து இரண்டு ஆண்டுகளில், 1978ல், அதை வைத்து ஒரு பாட்டு வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டு அவருக்குச் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. தேநீர்க் கோப்பையிலும் நாட்காட்டியிலும் குட்டிக் குட்டி ஆட்களாக அவரைச் சுருக்கிவிட்டார்கள். கூடத்தின் உள்ளே போனால் அந்தப் பிம்பம் உடைந்துவிடும்.

‘ஒரு மனிதனின் தலை’ என்று 1938ல் வரைந்த படம் இருக்கிறது. செக்கச்சிவந்த கண்கள், நேரே நம்மைப் பார்க்கின்றன. அப்பா 1932ல் கடன்களை வைத்துவிட்டு இறந்துபோனார். அம்மா படுத்த படுக்கையானார். பகலெல்லாம் வசூல், இரவெல்லாம் அம்மா, மிச்சமிருந்த நேரத்தில் ஓவியம். கண்ணாடியில் தன்னைப் பார்த்துத்தான் இந்த முகத்தை ஆரம்பித்தார். குட்டி ஆட்களை வரைகிறவர் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இந்தப் படத்தின் முன்னால் சட்டென்று பேச்சை நிறுத்துவதைப் பார்த்தேன். மறு ஆண்டு, 1939ல் லண்டன் லெஃபெவர் கலைக்கூடத்தில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. டேட் ஒரு படத்தை வாங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அம்மா இறந்துபோனார். மகனுடைய படங்களில் அந்த அம்மாளுக்குப் பிடித்தது, பாய்மரப் படகுகள் மிதக்கிற ஒரு படம் மட்டும்தான் என்பார்கள். லௌரி அதை விற்காமல் வைத்துக்கொண்டார்.

கடல் படங்கள் தனி. மேலே வானம், கீழே தண்ணீர், நடுவில் ஒரு கோடு. படகு கிடையாது, பறவை கிடையாது, ஆள் கிடையாது. கூட்டத்தை வரைந்தே பேர் வாங்கியவர் ஒரு கட்டத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். எனக்குத் தனிப்பட்ட முறையில் இவைதான் அவருடைய மிகச் சிறந்த படங்கள். இதைச் சால்ஃபோர்டில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

சிரிப்புக்கும் குறைவில்லை. 1957ல் வரைந்த ஒரு படத்தில் கோட்டு சூட்டு போட்ட ஓர் ஆள் மதில் சுவரின் மேல் நீட்டிப் படுத்திருக்கிறார், வாயில் சிகரெட். பஸ்ஸிலிருந்து பார்த்த காட்சி என்று லௌரி சொல்லியிருக்கிறார். சுவரோரம் குடையும் கைப்பெட்டியும் சாய்த்து வைத்திருக்கின்றன. கைப்பெட்டியைக் கிட்டே போய்ப் பாருங்கள்: எல்.எஸ்.எல். என்று அவருடைய முதலெழுத்துகள். அஞ்சு ஆண்டுகளுக்கு முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். நாற்பது வருஷ ஆபீஸ் அலுப்பை இதைவிடச் சிக்கனமாக எப்படிச் சொல்வது?

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். 1949ல் வரைந்த ஒரு படம், மாற்றுத்திறனாளிகள் பலரை ஒரே திறந்தவெளியில் கூட்டி நிறுத்தியது. ஊன்றுகோல், கட்டைக்கால், வளைந்த உடல்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்தேன் என்று லௌரி சாதித்தார். பார்த்திருக்கலாம். தெருவில் அங்கொருவர் இங்கொருவராகப் பார்த்தவர்களை ஒரே சட்டத்துக்குள் குவிக்கும்போது பார்வை வேடிக்கையாகிவிடுகிறது. பரிவு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அங்கே பரிவு தென்படவில்லை. ஆனால் அந்தப் படத்தை அலமாரிக்குள் பூட்டி வைக்காமல் ஊர்ச் சொத்தாகவே வைத்திருக்கிறார்களே, அதை மெச்சுகிறேன். நம் ஊராக இருந்தால், பெரியவர் பேருக்குக் களங்கம் என்று முதலில் அதைத்தான் மறைப்போம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்த 400 படைப்புகள் சால்ஃபோர்டிடம் எப்படி வந்தன? சால்ஃபோர்டில் பீல் பூங்காவை ஒட்டி 1850லேயே தொடங்கிய நகராட்சி அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. லௌரி படித்த ஓவியப் பள்ளி அதன் பக்கத்துக் கட்டடம்தான். அந்த அருங்காட்சியகம் 1936ல் அவருடைய படங்களை வாங்கத் தொடங்கியது. அப்போது அவருக்கு 48 வயது. லண்டன் அவரைக் கண்டுகொள்ள இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஊரே வேலையில்லாத் திண்டாட்டத்தில் கிடந்த காலம். அந்த நேரத்தில் ஒரு தொழில் நகராட்சி, தன் ஊர்த் தெருவையும் அழுக்கையும் வரைகிற ஒருவரிடம் மக்கள் வரிப்பணத்தைக் கொடுத்துப் படம் வாங்கியது. அவர் பேர் வாங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, செத்துக் கிடந்த துறைமுகத்துக்கு உயிர் கொடுக்க ஏதாவது வேண்டுமே என்று தேடியபோது கையில் இருந்தது இந்தச் சேகரிப்பு. கட்டடம் பிறகு வந்தது, படங்கள் முன்பே இருந்தன. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கட்டடத்தைக் கட்டித் திறப்பு விழா நடத்திவிட்டு உள்ளே என்ன மாட்டலாம் என்று யோசிக்கிறோம்.

தாமதித்தால் விலை என்ன ஆகும் என்பதற்கும் லௌரியே உதாரணம். 1953ல் அவர் வரைந்த ‘ஆட்டம் பார்க்கப் போகிறார்கள்’, போல்ட்டன் அணியின் பழைய மைதானத்தை நோக்கிக் கால்பந்து ரசிகர்கள் திரள்கிற படம். அதைத் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கம் 1999ல் 19 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, இந்தக் கூடத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்தது. 2022ல் சங்கம் அதை ஏலத்துக்கு விட்டது. யாரோ ஒரு பணக்காரர் வாங்கி வரவேற்பறையில் மாட்டிவிட்டால் ஊருக்குப் படம் போய்விடும். சால்ஃபோர்டு மேயர் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 78 லட்சம் பவுண்டு, நம் பணத்தில் 70 கோடி ரூபாய்க்கு மேல், கொடுத்துக் கலைக்கூடமே அதை வாங்கியது. 1936ல் ஊர் கொடுத்த விலையோடு இதை ஒப்பிட்டால் எந்த நிதிக்குழு உறுப்பினருக்கும் கலை ரசனை வந்துவிடும்.

மனிதர் மட்டும் மாறவில்லை. 1968ல் நைட் பட்டம் கொடுக்க முன்வந்தார்கள், வேண்டாம் என்றார். அதற்கு முன்னும் பின்னும் வந்த அரசு விருதுகளையும் சேர்த்து ஐந்து முறை மறுத்திருக்கிறார். அம்மா போன பிறகு இதெல்லாம் எதற்கு என்பது அவருடைய பதில். கையில் காசு வந்ததும் ரொசெட்டி வரைந்த பெண்களின் படங்களை வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டார். கனத்த கூந்தலும் சிவந்த உதடும் கொண்ட பெண்கள். உதடே வரையாதவர் வீட்டில்! 1976 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு ராயல் அகாடமி அவருக்கு நடத்திய கண்காட்சியை லட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. கூடவே ஒரு ஜவுளி அருங்காட்சியகமும். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான ‘சிட்ரா’வின் முதல் இயக்குநர் பெயரில் அமைந்தது. பஞ்சை ஆராய்ந்தவருக்குப் படத்தின்மேலும் அக்கறை இருந்திருக்கிறது. இன்று இங்கே வந்திருப்பவர்களில் எத்தனை பேர் அதன் உள்ளே போயிருக்கிறோம் என்று கையுயர்த்தச் சொல்லப்போவதில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் மூடிக்கிடக்கிற ஆலைகளை, லைன் வீடுகளை, ஷிப்ட் மாறும் நேரத்துச் சைக்கிள் கூட்டத்தை வரைந்த நம் ஓவியர்கள் யார் யார் என்று கேட்டால், உங்களுக்கு ஒரு பெயராவது நினைவுக்கு வருகிறதா?

உள்ளூர் ஓவியர் கண்காட்சிக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திறப்பு விழாவுக்குப் போவார்கள். சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, டீ. சுவரில் இருக்கிற படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி. கிளம்பும்போது பார்வையாளர் புத்தகத்தில் ‘அருமை, வாழ்த்துகள்’. அந்தப் புத்தகத்தை இரவில் ஓவியர் புரட்டிப் பார்ப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு அருமையை விட, உதடு எங்கே என்று கேட்கிற ஒரு வரி அவருக்கு உதவும். விழா நாளில் போகாதீர்கள், கூட்டமில்லாத ஒரு வேலைநாள் மதியம் போங்கள். ஓவியர் பெரும்பாலும் அங்கேதான் தனியாக உட்கார்ந்திருப்பார். இந்த இடம் எது, இந்த ஆள் யார் என்று கேளுங்கள். தப்பு என்று பட்டால் தப்பு என்று சொல்லுங்கள். எங்கள் தெருவில் அந்த மரம் இடப்பக்கம் இருந்தது என்று சண்டை போடுங்கள். பெரிய எண்ணெய் வண்ணப் படத்தின் விலையைக் கேட்டு மிரள வேண்டாம். கோட்டோவியங்கள் இருக்கும், அவற்றின் விலையையும் கேளுங்கள். கல்யாணத்துக்கு எழுதுகிற மொய்ப் பணத்தில் வாங்கிவிடக்கூடியவை அவற்றில் பல.

மாமன்ற உறுப்பினர்கள் சிலர் வந்திருப்பதாகக் கூட்டத் தலைவர் சொன்னார். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். மாநகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சின்னத் தலைப்பைச் சேருங்கள்: ஆண்டுக்கு ஒரு படம், உயிரோடு இருக்கிற உள்ளூர் ஓவியரிடமிருந்து, அவர் கேட்கிற நியாயமான விலையைக் கொடுத்து. இலவசமாகக் கேட்காதீர்கள். வாங்கியதை ஆணையர் அறையில் மாட்டாமல் ஜனங்கள் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் மாட்டுங்கள். அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் இதை யாராவது ஒருவர் எழுந்து முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.